வட்டத்தை மடித்தால் பாப்பாத்தி

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா பழக ஆசை. சுவரில் மாட்டப் பட்டாம்பூச்சி, அடுக்களைக்கு நாலு பொருள், முடிந்தால் கொஞ்சம் விற்பனை. பாட்டி லேஸ் பின்னியவர், அந்தக் கை உங்களுக்கும் வரும் என்ற நம்பிக்கை. இடது கைப் பழக்கம் உள்ள மகளுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற சந்தேகம். நான் தக்கலைக்காரி, முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னாலேயே குரோஷா ஊசியைப் பிடித்தவள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், இடையில் கணக்கும் வரும்.

பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். நம் மாவட்டத்துப் பாட்டிமார் பின்னியது பெரும்பாலும் குரோஷா இல்லை. அது தலையணை லேஸ். உருண்டைத் தலையணைமேல் ஓட்டை குத்திய அட்டையை விரித்து, குண்டூசி நட்டு, நூல் சுற்றிய குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நாகர்கோவிலில் 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அப்போது இது திருவிதாங்கூர். அடிமைத்தனம் அங்கே சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். குரோஷா வேறு வழி. ஒரே நூல், நுனியில் கொக்கி வைத்த ஒரே ஊசி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். தலையணை லேஸில் எத்தனையோ நூல் ஒரே நேரத்தில் ஓடும், குரோஷாவில் ஒவ்வொரு பின்னல் முடியும்போதும் ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். பாட்டியின் பொறுமை உங்களுக்கு வந்திருக்கலாம், கை வேலையைப் புதிதாகத்தான் பழக வேண்டும்.

எதில் தொடங்குவது? பட்டாம்பூச்சியில்தான். எங்கள் வீட்டில் பாப்பாத்தி என்று சொல்லித்தான் பழக்கம். யூடியூபில் பலர் ஸ்கார்ஃபில் தொடங்கச் சொல்வார்கள். வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் அதை யார் கழுத்தில் போடுவது? அதோடு நீளத் துண்டு பின்னும்போது ஓரத்துக் கண்ணி ஒன்றிரண்டு விட்டுப்போவது தெரியவே தெரியாது. முப்பது வரி போன பிறகு பார்த்தால் துண்டு முக்கோணமாகியிருக்கும். பாப்பாத்தி அப்படி இல்லை. மூன்றே சுற்று, அரை மணியில் முடியும், தப்பு வந்தால் அந்தச் சுற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசியும் நூலும். ஊசியின் தண்டில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருக்கும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய எஃகு ஊசிகளின் நம்பர் தலைகீழ், நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். நூலும் அப்படித்தான், பத்தாம் நம்பரைவிட நாற்பதாம் நம்பர் மெல்லிசு. மெல்லிய நூலில் பின்னினால்தான் அழகு என்று நினைத்து நாற்பதாம் நம்பரோடு உட்காராதீர்கள், முதல் வாரத்திலேயே ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். சற்றுத் தடித்த பருத்தி நூல், வெளிர் நிறம், இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் ஊசி. கறுப்பு நூல் வேண்டவே வேண்டாம். அதில் கண்ணி எது, இடைவெளி எது என்று எனக்கே இன்றும் ராத்திரியில் தெரியாது.

இனிப் பின்னல். செயின், சிங்கிள், டபுள் மூன்றும் தெரிந்தால் போதும். செயின் என்றால் ஊசியில் நிற்கும் கண்ணி வழியே நூலை இழுப்பது. சிங்கிள் என்றால் ஊசியை உள்ளே விட்டு, நூலை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு கண்ணியையும் ஒரே தடவையில் கழற்றுவது. டபுள் என்றால் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, நூலை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு இரண்டு கண்ணியாகக் கழற்றுவது. முதலில் ஆறு செயின் போட்டு வளையமாக்குங்கள். மேஜிக் ரிங் என்று இழுத்து இறுக்குகிற நூல் வளையம் ஒன்று காட்டுவார்கள், பார்க்க அழகுதான். ஆனால் வழுக்கலான பருத்தி நூலில் நாலு துவைப்புக்குப் பிறகு அது நடுவில் வாயைத் திறந்துவிடும். தொடக்கத்தில் செயின் வளையமே பத்திரம்.

வளையத்துக்குள் மூன்று செயின் ஏற்றினால் அது முதல் டபுளாகக் கணக்கு. அதோடு இன்னொரு டபுள், அப்புறம் இரண்டு செயின். இப்படி இரண்டு டபுள், இரண்டு செயின் என்று மொத்தம் எட்டு ஜோடி. சுற்று முடிந்ததும் எண்ணுங்கள், பதினாறு டபுள், இரண்டு செயினால் ஆன இடைவெளி, அதாவது ஜன்னல், எட்டு இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள். அடுத்த ஜன்னலுக்குத் தாண்டும்போது ஒரு செயின். மொத்தம் முப்பத்திரண்டு டபுள். மூன்றாம் சுற்றில் இரண்டு செயின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஏழு டபுள், நடுவிலிருக்கும் ஒரு செயின் இடுக்கில் ஒரு சிங்கிளால் அழுத்திப் பிடித்தல். ஐம்பத்தாறு டபுள், எட்டு இதழ். கையில் இப்போது இருப்பது ஒரு பூ.

அதைப் பாதியாக மடியுங்கள். மடிப்பு இரண்டு இதழ்களுக்கு நடுவே விழ வேண்டும். இதழின் நடுவில் விழுந்தால் மூன்று முழுச் சிறகும் இரண்டு அரைச் சிறகுமாக, பாப்பாத்தி எதிலோ மோதி வந்ததுபோல் இருக்கும். மடிப்பு மேலே, நாலு இதழ் கீழே. முன்பாதியைப் பின்பாதியைவிடக் கால் அங்குலம் தூக்கி மடித்தால் பின்னால் இருக்கும் இதழ்கள் சற்றே எட்டிப் பார்க்கும். இப்போது வலது இரண்டு, இடது இரண்டு என்று பிரியும்படி நடுவில் வேறு நிற நூலால் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். இறுக்கும்போதே இரண்டு பக்கமும் விரியும். என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அந்த ஒரு கணத்தில்தான் சத்தம் போடுவார்கள்.

மீசைக்கு இரும்புக் கம்பி வைக்காதீர்கள். கடல் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து, அந்தக் கறை நூலில் இறங்கும். குளச்சல், முட்டம் பக்கம் மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூசி நரம்பு கிடைக்கும். வலைக்கு வாங்குகிற அதே நைலான்தான். தடித்ததில் கொஞ்சம் வாங்கினால் பத்துப் பாப்பாத்திக்கு மீசை ஆகும். நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் தானே சின்னக் குமிழாக உருண்டு நிற்கும், மீசைக் குமிழ் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

நிறம் உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். 2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். ஆரஞ்சுச் சிறகு, ஓரத்தில் கரும்பழுப்புக் கரை. முதல் இரண்டு சுற்று ஆரஞ்சு, மூன்றாவது கரும்பழுப்பு, அவ்வளவுதான். ரோஸும் ஊதாவுமாகப் பின்னிக் குவிப்பதைவிட இது எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தது. என் மாமி, அப்பாவின் அக்கா, எனக்குக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் எல்லாப் பின்னலும் கையால் எழுதியது. அதில் டபுள் என்று இருந்த இடமெல்லாம் நான் டபுள் போட்டு ஒரு மேசை விரிப்பு பின்னினேன். ஒரு மாத வேலை. விரித்தால் மேசையில் தட்டையாகப் படியவில்லை, ஓரம் எழும்பிக் கிண்ணமாக நின்றது. மாமி பிரிட்டிஷ் புத்தகம் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வழக்கில் நம் சிங்கிளுக்குச் சிங்கிள் என்ற பெயர் கிடையாது. அவர்கள் டபுள் என்பது நாம் இன்று சிங்கிள் என்பது, அவர்கள் டிரெபிள் என்பது நம் டபுள். யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. புத்தகம் எது கையில் வந்தாலும் முதலில் சிங்கிள் என்ற சொல் அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் பிரிட்டிஷ் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு படி இறக்கிப் பின்னுங்கள்.

அந்த விரிப்பு ஏன் கிண்ணமாக எழும்பியது என்பதில்தான் என் பழைய வேலை வருகிறது. தட்டையான வட்டம் பின்ன சிங்கிள் என்றால் ஆறில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டு, டபுள் என்றால் பன்னிரண்டில் தொடங்கிப் பன்னிரண்டு கூட்டு என்பார்கள். மனப்பாடமாகச் சொல்வார்களே தவிர ஏன் என்று சொல்ல மாட்டார்கள். வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர். ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு ஆறே கால் பங்கு கூட வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே ஆறு. டபுள் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம், ஆகவே பன்னிரண்டு. இதைவிடக் குறைவாகக் கூட்டினால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். சிங்கிளுக்கான கணக்கில் டபுள் போட்ட என் விரிப்பு அப்படித்தான் ஆனது. அதிகமாகக் கூட்டினால் ஓரத்துக்கு உட்கார இடமில்லாமல் பாவாடைக் கொசுவம்போல் அலையும். இந்த அலையை வைத்தே 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியர் காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துவிடும் ஒரு வளைபரப்பைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். என் கிண்ண விரிப்பை யாரும் பாராட்டவில்லை. நம் பாப்பாத்தியில் மூன்றாம் சுற்றில் வேண்டுமென்றேதான் கொஞ்சம் அதிகம் போட்டிருக்கிறது. சிறகு சற்று அலைந்தால்தான் உயிர்.

இந்த ஆறு, பன்னிரண்டு பிடிபட்டுவிட்டால் வீட்டுப் பொருளில் பாதி கைவசம். தட்டையாக விட்டால் தம்ளர் வைக்கும் வட்டு. ஒரு கட்டத்தில் கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பிக் கூடை. முதலிலேயே குறைத்துக் கூட்டினால் தொப்பி. சுற்றின் தொடக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்திவைத்தால் எண்ணிக்கை தவறாது. அதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் கொக்கியெல்லாம் தேவையில்லை.

நான் அதிகம் செய்து கொடுத்த பொருள் பிரிமணை. பானையும் சட்டியும் இறக்கி வைக்க வைக்கோலிலோ நாரிலோ சுற்றி வைத்திருப்பார்களே, அதேதான். திருப்பூர் பனியன் கழிவுத் துணியை ரிப்பனாக வெட்டி உருண்டையாக விற்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் ஊசியில் சிங்கிள், எட்டுச் சுற்று, கடைசிச் சுற்றில் நாற்பத்தெட்டு கண்ணி. அதுபோல இன்னொன்று பின்னி இரண்டையும் சேர்த்து ஓரத்தில் தைத்துவிடுங்கள். ஒரு சாயங்காலம் போதும். குழம்புச் சட்டியை அதில் வைத்துப் பார்த்த பிறகு கடைப் பிளாஸ்டிக் வட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். வாங்கும்போது ஒரு ரிப்பன் நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகிச் சொட்டும்.

இந்தச் சோதனையை நான் ஒருமுறை செய்யாமல் விட்டேன். மிச்சமிருந்த அக்ரிலிக் கம்பளி நூலில் அழகான பிடிதுணி ஒன்று பின்னி, ஆப்பச்சட்டியைப் பிடித்துத் தூக்கினேன். சட்டியின் காதில் பாதித் துணி ஒட்டிக்கொண்டது, மீதி என் விரலில். அடுப்பருகே போகிற எதுவும் பருத்தி, அதுவும் இரட்டை மடிப்பு. ஜன்னல் வைத்த பின்னல் கூடாது, ஓட்டை வழியாகச் சூடு நேராக ஏறும். பாத்திரம் தேய்க்கும் வட்டுக்கு மட்டும் அக்ரிலிக் நல்லது. பருத்தி அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டே நாளில் வாடை அடிக்கும்.

அப்புறம் வலைப்பை. ஐந்து செயின், ஒரு சிங்கிள், மறுபடி ஐந்து செயின் என்று போய்க்கொண்டே இருப்பது. இதில் எண்ணிக்கைகூடப் பெரிதாக வேண்டாம். உறிபோல அடுக்களையில் தொங்கவிட்டு உள்ளி, பூண்டு போடலாம். நான் நம் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வியர்க்க வைப்பது எனக்குப் பொறுக்காது. வலையில் காற்று ஓடும், எறும்பும் சீக்கிரம் வழி கண்டுபிடிக்காது. டி.வி. மூடி, ஃபிரிட்ஜ் மூடி, சோபா முதுகுத் துணி எல்லாம் பின்னச் சொல்லி யாராவது கேட்பார்கள். எங்கள் தலைமுறை அதைப் பின்னியே கண்ணைக் கெடுத்துக்கொண்டது. தூசி பிடிப்பதைத் தவிர அதனால் ஒரு உபயோகமும் நான் பார்த்ததில்லை.

பாப்பாத்தி சுவரில் விறைப்பாக நிற்கக் கஞ்சி வேண்டும். பலர் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து முக்குகிறார்கள். நிற்கும், ஆனால் கொஞ்ச நாளில் பிளாஸ்டிக்கில் செய்ததுபோல் பளபளக்கும். சோற்றுக் கஞ்சி வெள்ளை நூலில் திட்டுத் திட்டாகக் காயும். என் வழி மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மாவைப் பச்சையாகக் கரைத்துக்கொண்டு அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். பால்போல் இருந்தது திடீரென்று கண்ணாடிபோல் தெளியும், அப்போது இறக்க வேண்டும். ஆறியதும் பாப்பாத்தியை முக்கி, பிழியாமல் துணியில் ஒற்றி, பிளாஸ்டிக் தாள் விரித்த தெர்மோகோல்மேல் குண்டூசி குத்திச் சிறகை விரித்து நிழலில் காயவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசி கூடாது. வெளிநாட்டில் பழைய காலத்தில் சர்க்கரைப் பாகில் முக்கி விறைப்பாக்குவார்கள் என்று படித்து நானும் ஒருமுறை செய்தேன். மறுநாள் காலையில் பாப்பாத்தி தெரியவில்லை, எறும்பு வரிசைதான் தெரிந்தது.

நமக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. கஞ்சி போட்ட பொருளை அந்த மாதங்களில் பெட்டிக்குள் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் ராமபாணப் பூச்சியும் விருந்து வைக்கும். எடுத்து வைப்பதானால் துவைத்துக் கஞ்சியைப் போக்கிக் காயவைத்து வையுங்கள், திரும்ப மாட்டும்போது கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, மெரூன், கருநீல நூலை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஒரு சாண் வெட்டி நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொன்னதை நம்பி ஒரு ஞானஸ்நானத் தொப்பிக்குச் சிவப்புக் கரை வைத்தேன். குழந்தையின் நெற்றியில் கரைந்தது. ஃபோட்டோவில் இன்றும் தெரிகிறது.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள். முதல் வருடம் விற்காதீர்கள் என்பேன், கேட்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். கை பழகிய பிறகும் ஒரு பாப்பாத்திக்கு எனக்கு இருபத்தைந்து நிமிடம், கஞ்சி, மீசை எல்லாம் தனி. ஐம்பது ரூபாய் சொன்னால் சைனாப் பூச்சி பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்பார்கள். அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக், அல்லது குரோஷாபோல் தோன்றும் இயந்திரப் பின்னல். அசல் குரோஷாவைத் தொழிற்சாலை இயந்திரம் பின்னுவதில்லை, ஆள் கைதான் பின்ன வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. நான் ஒருமுறை சுற்றுலாக் கடை ஒன்றில் விற்றால் பணம் என்ற பேச்சில் நாற்பது பாப்பாத்தி கொடுத்தேன். ஆறு மாதம் வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டு, வெளுத்துப் போன முப்பத்தொன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியும் விற்கத் தோன்றினால் சின்னது விற்கும்: சாவிக் கொத்து, புத்தக அடையாளம், ஃபிரிட்ஜ் காந்தப் பாப்பாத்தி. முன்பணம் இல்லாமல் மேசை விரிப்பு ஆர்டர் எடுக்காதீர்கள். ஒரு ஆர்டரோடு பொழுதுபோக்கு கூலி வேலையாகிவிடும், அதுவும் குறைந்த கூலி.

கடைசியாக மகள். இடது கைக்குத் தனி ஊசி தேவையில்லை, கொக்கிக்கு இடமும் வலமும் கிடையாது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் குழம்பும். எதிரே உட்காரவையுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் வலது கை செய்வதை அவள் இடது கை செய்யட்டும். நீங்கள் வலமிருந்து இடமாகப் போவீர்கள், அவள் இடமிருந்து வலமாகப் போவாள். எண்ணிக்கை ஒன்றே. வீடியோ பார்த்துப் பழகுவதானால் ஃபோனில் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். ஒரே பாப்பாத்தியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பின்ன மட்டும் முயற்சிக்காதீர்கள், எதிரெதிர் திசையில் போய் நடுவில் முட்டும். அவளுக்கென்று வேறு நிறத்தில் ஒரு உருண்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.